பிறந்த குழந்தைக்கு ஒரு போர்வை: நம்ம ஊர் ஈரத்திலும் சீக்கிரம் காய்கிற மாதிரி தைப்பது எப்படி

குழந்தைப் போர்வை வேண்டும் என்று புதுச்சேரி நேரு வீதியிலோ கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ கேட்டுப் பாருங்கள், முதலில் எடுத்துப் போடுவது பொசுபொசுவென்று, ஒரு பக்கம் கரடி படமும் மறுபக்கம் வெல்வெட் வழவழப்புமாக இருக்கும் ஒன்றைத்தான். தொட்டால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது பெரும்பாலும் பாலியஸ்டர். வேர்வையை உறிஞ்சாது, காற்றையும் விடாது, வருஷத்தில் முக்கால்வாசி நாள் காற்றிலேயே ஈரம் நிற்கிற நம்ம ஊரில் பிறந்து பத்து நாளான குழந்தையை அதில் சுற்றி வைத்தால் கழுத்து மடிப்பிலும் முதுகிலும் வேர்க்குரு கிளம்பிவிடும்.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பிறந்த குழந்தை ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவையாவது ஒன்றுக்குப் போகும், நடுவில் பால் கக்கும், போர்வை எப்படியும் நனையும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கெட்டியான போர்வை இரண்டு நாளானாலும் காயாது, மூன்றாம் நாள் வாடை அடிக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு கடலூர்ப் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்ததே, அந்த மாதிரி நேரத்தில் ஃபேன் காற்றில் காயவைக்கவோ அயர்ன் பாக்ஸ் போட்டு ஈரம் எடுக்கவோ கூட வழி கிடையாது, கைக்குழந்தை இருந்த வீடுகளில் துணிக்கு என்ன பாடுபட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் குழந்தைப் போர்வை நல்லதா இல்லையா என்று பார்க்க நான் கேட்பது ஒரே கேள்விதான்: துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டால் எவ்வளவு நேரத்தில் காயும்?

மெல்லிய பருத்தித் துணி இரண்டை ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்த போர்வை வெயில் நாளில் ஒரு மதியத்துக்குள் காய்ந்துவிடும். மழை நாளில்கூட ஃபேனுக்குக் கீழே போட்டால் மறுநாள் காலைக்குள் எடுத்துவிடலாம். கீழே சொல்லப்போவது அந்த இரட்டைத் துணிப் போர்வைதான். மெஷின் இருந்தால் ஒரு மதிய நேர வேலை. இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையில்லை, கையாலேயே முழுசாகத் தைக்கலாம், நாலைந்து சாயங்காலம் பிடிக்கும்.

துணி எடுப்பது

முன்பக்கத்துக்கு மல் துணி எடுங்கள். மெலிசாக, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகிற துணி அது. மல் கிடைக்காவிட்டால் கேம்பிரிக் பரவாயில்லை. பாப்ளின் கொஞ்சம் விறைப்பு, நாலு துவைப்புக்கு அப்புறம்தான் இளகும். ஃபிளானல் என்று விற்பது பருத்தியாக இருந்தால் மார்கழிக் குளிருக்கு நன்றாக இருக்கும், ஆனால் காய நேரம் எடுக்கும், அதுவும் போக ஃபிளானல் என்ற பெயரில் பாலியஸ்டர் கலந்ததும் நிறைய வருகிறது.

கலப்பா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. புதுச்சேரியில் மில் வேலை பார்த்தவர்கள் இருக்கிற வீட்டில் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். 1898இல் ரோடியர் மில்லாக ஆரம்பித்து 2020இல் மூடிய ஏ.எஃப்.டி. மில்லையே நம்பி எத்தனையோ குடும்பம் இருந்தது, நூலைப் பார்த்தே ரகம் சொல்கிறவர்கள் அவர்கள். துணியின் ஓரத்திலிருந்து நாலைந்து இழையை உருவி முறுக்கி, இடுக்கியால் பிடித்துக்கொண்டு தீக்குச்சி காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சரசரவென்று எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகிற சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகி, கடைசியில் கறுப்பாக, கெட்டியாக ஒரு உருண்டை நிற்கும். கலப்புத் துணி என்றால் கொஞ்சம் எரியும், கொஞ்சம் உருண்டை கட்டும். ஒரு தடவை நெடுக்கு இழையிலும் ஒரு தடவை குறுக்கு இழையிலும் பார்த்துவிடுங்கள், பாவு ஒன்றும் ஊடை ஒன்றுமாகப் போட்டிருக்கும் துணியும் உண்டு. “சுத்தமான காட்டன்க்கா, துவைச்சுப் பாருங்க” என்று கடைக்காரர் சொல்வதைத் தப்பென்று சொல்லவில்லை, அவருக்கு வந்த பண்டலில் அப்படித்தான் எழுதியிருக்கும். கால் மீட்டர் வாங்கி வீட்டில் கொளுத்திப் பார்த்துவிட்டு அப்புறம் மிச்சத்தை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் போடுகிற சண்டே மார்க்கெட்டில் வாங்கும் துணிக்கும் இதே சோதனைதான். மறுபடி அதே துணி கிடைக்கும் என்ற நிச்சயம் அங்கே இல்லாததால், பிடித்திருந்தால் மொத்தமாக வாங்கி வந்து சோதித்துக்கொள்ளுங்கள், கலப்பாக இருந்தால் தலையணை உறைக்கு ஆகும்.

பின்பக்கத்துக்குக் கடைக்கே போக வேண்டாம். தாத்தா கட்டித் துவைத்து இளகிப்போன நாலு முழ வேட்டி, அம்மாவின் பழைய நூல் புடவை, குறிஞ்சிப்பாடித் தறியில் நெய்த கைலி, இதில் எது இருந்தாலும் புதுத் துணியைவிட ஒரு படி மேல். வருஷக்கணக்கில் துவைத்த பருத்தியில் கஞ்சியும் இருக்காது, சாயமும் போவதெல்லாம் எப்போதோ போயிருக்கும், சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கியிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்துப் பாருங்கள், சல்லடையாக வெளிச்சம் தெரிகிற இடம் நைந்த இடம், அதை விட்டுவிடுங்கள். புடவையில் கொசுவம் வருகிற இடமும் கணுக்கால் உரசுகிற ஓரமும் முதலில் நையும், தலைப்புப் பக்கம் அனேகமாக நன்றாக இருக்கும். ஜரிகையை வெட்டி எடுத்துவிடுங்கள், குழந்தைத் தோலுக்கு அது அரம்.

இன்னொன்று. நம்ம பக்கம் நிறைய வீடுகளில் பதினோராம் நாளோ பதினாறாம் நாளோ ஆகும்வரை குழந்தைக்குப் புதுத் துணி போடமாட்டார்கள், பழைய வேட்டிதான் சுற்றுவார்கள். குழந்தை பிறப்பதற்கு முன்பே எதையும் வாங்கி வைக்கக்கூடாது என்கிற வீடும் உண்டு. பின்பக்கம் பழசு என்றால் பெரியவர்கள் மனசும் கோணாது. முன்பக்கம் புதுசு என்பது உறுத்தினால் இரண்டு பக்கமும் பழசாகவே தைத்துவிடுங்கள், குழந்தைக்கு அதுதான் இன்னும் சுகம்.

நிறம் வெளிறியதாக இருக்கட்டும். பால் வாடைக்கு எறும்பு வரும், வெள்ளையிலோ இளநிறத்திலோதான் அது உடனே கண்ணில் படும். மஞ்சள் நிறத்தை முதல் இரண்டு வாரத்துக்குத் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில்தான் குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருகிறதா என்று தோலைப் பார்த்துக்கொண்டே இருப்போம், பக்கத்தில் மஞ்சள் துணி இருந்தால் அந்த நிறம் தோலில் அடித்துக் கண்ணை ஏமாற்றும். சிவப்பு, கருநீலம் மாதிரி அடர்த்தியான நிறம்தான் வேண்டும் என்றால் வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். போர்வை முனை எப்படியும் ஒருநாள் குழந்தை வாய்க்குத்தான் போகும்.

பாச்சை உருண்டை பட்ட துணியைத் தொடாதீர்கள்

இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய துணி எடுக்கச் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. பழைய பட்டும் நூலும் நம்ம வீடுகளில் இருப்பது பீரோவில் அல்லது ட்ரங்குப் பெட்டியில், பாச்சை உருண்டையோடு. சிலர் அந்துருண்டை என்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் நாப்தலீன். பெரியவர்களுக்கு அந்த வாசனை ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் ஜி-6-பி-டி என்கிற ஒரு நொதி பிறப்பிலேயே குறைவாக இருக்கும் குழந்தைகள் உண்டு, ஆண் குழந்தைகளில் இது அதிகம், வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தையை நாப்தலீன் ஏறிய துணியில் சுற்றினால் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், மஞ்சள் காமாலை மளமளவென்று ஏறும், மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகும்.

தன் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று பிறந்தவுடனே எல்லோருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே துணியை முகர்ந்து பார்க்கும்போது அந்த வாசனை லேசாக வந்தாலும், அது எவ்வளவு ஆசையான புடவையாக இருந்தாலும், பிறந்த குழந்தைக்கு வேண்டாம். துவைத்தால் போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். தைத்து முடித்த போர்வையை எடுத்து வைக்கிற இடத்திலும் பாச்சை உருண்டை கூடாது, கற்பூரமும் கூடாது. காய்ந்த வேப்பிலையை ஒரு சின்னத் துணிப்பையில் கட்டிப் போடுங்கள், போதும்.

நனைத்து, நேர் பார்த்து, வெட்டுவது

புதுத் துணியை வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி வெறும் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அலசி, நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். புதுப் பருத்தி மீட்டருக்கு ஒன்றிரண்டு இன்ச் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே முன்பக்கம் சுருங்கி, ஏற்கெனவே சுருங்கிய பழைய வேட்டி பின்னால் உப்பிக்கொண்டு நிற்கும். வேட்டியில் கஞ்சி இருந்தால் அதுவும் முழுசாகப் போகிறவரை அலசுங்கள். கடலோரத்துப் போர்த் தண்ணீர் பல தெருவில் உப்பு, அதில் அலசிய துணி காய்ந்ததும் மொடமொடவென்று நிற்கும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.

அளவு 36 இன்ச் சதுரம். ஒரு மீட்டர் என்பது 39 இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல், சுருங்கி, ஓரம் நேராக்கியது போக 36 தாராளமாக நிற்கும். பன்னா, அதாவது துணியின் அகலம், 36 இன்ச்சே இருக்கிற துணி என்றால் கரை வெட்டிய பிறகு 34தான் வரும், அதுவும் போதும், இரண்டு துணியும் ஒரே அளவாக இருந்தால் சரி. நாலு முழ வேட்டிக்குக் கணக்கு இன்னும் சுலபம்: முழத்துக்கு 18 இன்ச், நாலு முழம் 72, இரண்டு சதுரம். இதைவிடப் பெரிதாகத் தைக்க ஆசைப்படாதீர்கள், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு மிச்சத் துணியைச் சுருட்டி ஒதுக்குவதே வேலையாகிவிடும்.

சாக் வைத்துக் கோடு போடுவதைவிட இழை உருவி வெட்டுவது நேராக வரும். ஓரத்தில் கத்திரியால் ஒரு சின்ன வெட்டு கொடுத்து, அந்த இடத்தில் தெரிகிற குறுக்கு இழை ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுங்கள். துணி சுருங்கிச் சுருங்கிக் கொடுக்கும், அந்த இழை வந்த தடம் மெல்லிய கோடாகத் தெரியும், அதன்மேலேயே வெட்டுங்கள். இழை நடுவில் அறுந்தால் அறுந்த இடம்வரை வெட்டிவிட்டு, அங்கிருந்து மறுபடி பிடித்து இழுக்க வேண்டியதுதான். நாலு பக்கமும் இப்படி வெட்டினால் போர்வை எத்தனை துவைப்பு போட்டாலும் கோணாது. வெட்டிய பிறகு முனைக்கு முனை குறுக்கே அளந்து பாருங்கள், 36 சதுரத்துக்கு இரண்டு குறுக்களவும் 51 இன்ச் அளவில் சமமாக வர வேண்டும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் துணி சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், இரண்டு பேர் குறைந்த குறுக்களவின் எதிர்முனைகளைப் பிடித்து இழுத்துவிட்டு மறுபடி இஸ்திரி போட்டால் அனேகமாக நேராகிவிடும்.

தைப்பது

டைல்ஸ் தரையைத் துடைத்துக் காயவிட்டு, பழைய வேட்டித் துண்டை நல்ல பக்கம் மேலே இருக்கிற மாதிரி விரியுங்கள். டைல்ஸ் கோட்டையே நேருக்கு வைத்துக்கொள்ளலாம். அதன்மேல் புதுத் துணியை நல்ல பக்கம் கீழே பார்க்கிற மாதிரி போடுங்கள், அதாவது இரண்டு நல்ல பக்கமும் ஒன்றையொன்று தொட வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கையால் நீவிவிட்டு, நாலு விரல் இடைவெளிக்கு ஒரு குண்டூசி குத்துங்கள். எத்தனை குத்தினீர்கள் என்று எண்ணி ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், முடிந்ததும் அத்தனையும் எண்ணி எடுக்க வேண்டும், குழந்தைத் துணி தைக்கும்போது இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நம்ம ஊர் உப்புக் காற்றில் குண்டூசி ஒரே ராத்திரியில் துருப்பிடித்துத் துணியில் செம்புள்ளி வைக்கும், அதனால் குத்தியபடியே மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

நாலு மூலையிலும் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்து வளைவாகக் கோடு போட்டு வெட்டிவிடுங்கள். கூர் மூலையைவிட வளைந்த மூலை திருப்பும்போது சுலபமாக வரும், துணி குவிந்து கட்டி மாதிரி நிற்காது, குழந்தை கன்னத்திலும் குத்தாது.

மெஷின் என்றால் மல் துணிக்கு 11ஆம் நம்பர் ஊசி, வேட்டியும் கைலியுமாக இருந்தால் 14. மிச்சத் துண்டில் ஒரு சாண் தைத்துப் பார்த்து, மேல் நூலும் பாபின் நூலும் சரியாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், மெலிசுத் துணியில் நூலின் டென்ஷன், அதாவது இறுக்கம், அதிகமானால் தையல் சுருக்கிக்கொள்ளும். ஓரத்திலிருந்து அரை இன்ச் உள்ளே, ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து தொடங்குங்கள், மூலையிலிருந்து வேண்டாம். தொடங்கும்போது நாலு தையல் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்தி, சுற்றி வந்து, தொடங்கிய இடத்துக்கு ஆறு இன்ச் முன்னாலேயே நிறுத்தி அங்கேயும் கெட்டிப்படுத்துங்கள். அந்த ஆறு இன்ச் வாய் வழியாகத்தான் போர்வையைத் திருப்பப் போகிறோம்.

கையால் தைப்பவர்கள் ஒற்றை நூலில், நாலு ஓட்டுத் தையலுக்கு (ஊசி மேலும் கீழுமாக நேரே முன்னால் ஓடுவது) ஒரு பின் தையல் (ஒரு தையல் பின்னால் போய்க் குத்தி முன்னால் எடுப்பது) என்று போட்டுக்கொண்டே போங்கள். வெறும் ஓட்டுத் தையல் மட்டும் போட்டால் ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் மொத்தமும் உருவிக்கொள்ளும், நடுவில் பின் தையல் இருந்தால் அங்கே நின்றுவிடும். நூல் முழங்கை நீளத்துக்குமேல் வேண்டாம், சிக்கும்.

சுற்றித் தைத்ததும் வளைவு மூலைகளில் மட்டும் தையலைத் தொடாமல் நாலைந்து சின்ன வெட்டு கொடுத்து, வாய் வழியாகக் கையை விட்டு எதிர் மூலையைப் பிடித்து வெளியே இழுங்கள், மற்ற மூலைகளும் ஒவ்வொன்றாக வந்துவிடும். கரண்டிக் காம்பின் மழுங்கின முனையால் மூலைகளை உள்ளிருந்து தள்ளிவிட்டு நன்றாக இஸ்திரி போடுங்கள்.

இப்போது அந்த ஆறு இன்ச் வாயை மூட வேண்டும், நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். இரண்டு ஓரத்தையும் அரை இன்ச் உள்ளே மடித்து இஸ்திரியால் அழுத்திக்கொள்ளுங்கள். ஊசியில் நூல் கோத்து ஒரு முடிச்சுப் போட்டு, முடிச்சு மடிப்புக்கு உள்ளே மறைகிற மாதிரி உள்ளிருந்து வெளியே குத்தி எடுங்கள். நேர் எதிரே இருக்கிற மடிப்பின் விளிம்பில் ஊசியை நுழைத்து, அந்த மடிப்புக்குள்ளேயே கால் இன்ச் ஓட்டி வெளியே எடுங்கள். மறுபடி எதிர்ப் பக்கத்துக்கு வந்து அதேபோல் மடிப்புக்குள் கால் இன்ச். இப்படி மாறி மாறிப் போனால் இரண்டு ஓரத்துக்கும் நடுவில் ஏணிப்படி மாதிரி நூல் தெரியும். நாலைந்து படி ஆனதும் நூலை மெதுவாக இழுங்கள், இரண்டு மடிப்பும் வந்து ஒட்டிக்கொள்ளும், நூல் எங்கே போனதென்றே தெரியாது. வேகமாக இழுத்தால் துணி சுருங்கும், இழுத்துவிட்டு விரலால் நீவிவிடுங்கள். அப்புறம் போர்வையைச் சுற்றி ஓரத்திலிருந்து கால் இன்ச்சில் ஒரு மேல் தையல். இது அழகுக்கு மட்டும் இல்லை, வாய் மூடிய இடத்துக்கு இரண்டாவது காவல்.

இதோடு நிறுத்திவிட்டால் துவைக்கும்போது இரண்டு துணியும் தனித்தனியாக நகர்ந்து உள்ளே சுருண்டுகொள்ளும். அதனால் நாலு இன்ச் இடைவெளிக்கு ஒரு வரிசை ஓட்டுத் தையல் போர்வை நெடுகப் போட வேண்டும், கையால் போட்டால்தான் மெத்தென்று இருக்கும். தையல் ஒவ்வொன்றும் கால் இன்ச்சுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளமான தையலில் குழந்தையின் விரல் நுழைந்து நூல் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்று விரல் வீங்கிவிடும், கால்விரலில் நூலோ தலைமுடியோ இப்படிச் சுற்றிக்கொண்டு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். முடிச்சும் வெளியே தெரியக்கூடாது. வரிசை ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு இன்ச் தள்ளி மேல் துணியில் மட்டும் ஊசியைக் குத்தி, இரண்டு துணிக்கும் நடுவில் ஓட்டி, ஆரம்பிக்கிற இடத்தில் வெளியே எடுத்து இழுங்கள். முடிச்சு மேல் துணியில் வந்து தடுக்கும், இன்னும் கொஞ்சம் இழுத்தால் ‘டப்’பென்று உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். முடிக்கும்போதும் அதேதான்: துணிக்கு ஒட்டி முடிச்சுப் போட்டு, உள்ளே இழுத்துவிட்டு, வெளியே நீட்டுகிற நூலைத் துணியோடு ஒட்ட வெட்டிவிடுங்கள்.

பட்டன், மணி, லேஸ், குஞ்சலம், ரிப்பன் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதாக இருந்தால் வார்டுக் கொடியில் எல்லார் துணியும் கலந்துவிடும், அடையாளத்துக்கு ஒரு மூலையில் கலர் நூலால் சின்னதாக நாலு தையல் போடுங்கள், அது போதும்.

மார்கழி தையில் பிறக்கப்போகிற குழந்தை, ஏசி அறையில் இருக்கப்போகிற குழந்தை என்றால் நடுவில் இன்னொரு பழைய வேட்டித் துண்டு வைத்து மூன்று மடிப்பாகத் தைக்கலாம். பஞ்சு வேண்டாம். இலவம்பஞ்சு துவைத்தால் கட்டி கட்டியாகப் போய்விடும், பாலியஸ்டர் பஞ்சு வைத்தால் சூடு, அப்புறம் கடைப் போர்வைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சித்திரை வைகாசிக் குழந்தைக்கு இரண்டு மடிப்பே அதிகம், ஒற்றை மல் துணியை ஓரம் இரண்டு மடிப்பு மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது.

கெட்டியாக ஒன்று தைப்பதைவிட மெலிசாக மூன்று தைப்பதுதான் புத்திசாலித்தனம். ஒன்று குழந்தைமேல், ஒன்று கொடியில், ஒன்று அலமாரியில்.

துவைப்பதும் போர்த்துவதும்

தைத்து முடித்ததும் குண்டூசிக் கணக்கைச் சரிபார்த்து, போர்வை முழுக்கக் கையால் நீவிப் பார்த்து, ஒரு தடவை துவைத்துக் காயவைத்த பிறகுதான் குழந்தைக்கு. வாசனை இல்லாத சாதா சோப்பு போதும், துணியை மிருதுவாக்கும் திரவமெல்லாம் வேண்டாம், துணி தண்ணீர் உறிஞ்சுவதை அது குறைத்துவிடும். சோப்பு நுரை போகிறவரை அலசுங்கள். காயப்போடும்போது ஒரே கொடியில் மடித்துப் போடாமல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கொடி கட்டி, கூடாரம் மாதிரி விரித்துப் போட்டால் நடுவில் காற்று போகும், பாதி நேரத்தில் காயும். பொழுது சாய்வதற்கு முன் எடுத்துவிடுங்கள், ராத்திரி ஈரக் காற்று பட்டால் காய்ந்த துணியும் பிசுபிசுக்கும். மழை நாளில் முக்கால்வாசி காய்ந்ததை இஸ்திரி போட்டு முடிக்கலாம். சாம்பிராணிப் புகையில் காட்டுவது மட்டும் வேண்டாம், அந்தப் புகை பச்சைக் குழந்தையின் நெஞ்சுக்கு ஆகாது. ஒவ்வொரு தடவையும் உதறிவிட்டுத்தான் போர்த்த வேண்டும், எறும்பு பூச்சி இருந்தால் விழுந்துவிடும்.

போர்வை எதற்கு என்பதிலும் தெளிவாக இருங்கள். தூக்கி வைத்திருக்கும்போது சுற்ற, மடியில் விரிக்க, பாயின்மேல் போட்டுக் குழந்தையைக் கிடத்த, பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகும்போது காற்று மறைக்க. தூங்கும்போது தனியாகக் கழன்று வரக்கூடிய எந்தத் துணியும் ஒரு வயசுவரை குழந்தைமேலோ முகத்துக்குப் பக்கத்திலோ இருக்கக்கூடாது என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள், மல்லாக்கத்தான் படுக்கவைக்கவும் சொல்கிறார்கள். தூளியில் போட்டாலும் இதே கவனம் வேண்டும், தூளித் துணியே இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும், அதற்குள் போர்வையும் சேர்ந்தால் காற்றுக்கு வழி இருக்காது. சுற்றுவதாக இருந்தால் தோளுக்குக் கீழேதான், மார்புக்கு இரண்டு விரல் நுழைகிற தளர்வு விட்டு, இடுப்புக்குக் கீழே கால் இரண்டையும் தவளை மாதிரி மடக்கி விரிக்க இடம் கொடுத்துச் சுற்றுங்கள். காலை நீட்டி இறுக்கிக் கட்டினால் இடுப்பு மூட்டு நழுவ வாய்ப்பு உண்டு. குழந்தை ஒருக்களிக்க, புரள முயற்சி செய்ய ஆரம்பித்த அன்றே சுற்றுவதை நிறுத்திவிடுங்கள்.

கை கால் ஜில்லென்று இருக்கிறதே என்று இன்னொரு போர்வை போர்த்துகிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. பிறந்த குழந்தைக்குக் கை கால் கொஞ்சம் சில்லென்று இருப்பது சாதாரணம். மார்பையோ பிடரியையோ தொட்டுப் பாருங்கள், அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் போதும், வேர்த்திருந்தால் ஒன்றை எடுத்துவிட வேண்டும். உடம்பு சுடுகிறது என்றாலும் மூடி மூடி வைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள், பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது.

நாள்பட நாள்பட முதலில் விடுவது வாய் மூடிய அந்த ஆறு இன்ச்சும் மூலை வளைவும்தான். வாரத்துக்கு ஒரு தடவை அங்கே விரலால் தடவிப் பார்த்து, நூல் தளர்ந்திருந்தால் அன்றைக்கே இரண்டு தையல் போட்டுவிடுங்கள். புடவையில் மிச்சமிருக்கும் துணியைத் தூக்கிப் போட வேண்டாம், 24 இன்ச் சதுரமாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்தால் முக்கோணமாக மடித்துக் கட்டுகிற லங்கோடு ஆகும். அது எத்தனை இருந்தாலும் பத்தாது.